ஞானதீபத்தின் தொண்டைக்காக

ஜூன் 4, ஞாயிறு

மாற்றங்களைக் குறித்து வையுங்கள் என்று மதுரை டாக்டர் சொன்னதால் இந்த நாட்குறிப்பு. இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை. தாடையில் மூன்று முடி. ஊசி போடுவதற்கு முன்பும் அவை இருந்தனவா என்று எனக்கு நிச்சயமில்லை. அறுபத்தொரு வயதில் எந்தப் பெண்ணுக்கும் தாடையில் மூன்று முடி இருக்கலாம்.

எழுதுவதானால் முறையாக எழுத வேண்டும். பெயர் ஞானதீபம். எங்கள் பக்கத்தில் ஆணுக்கும் வைப்பார்கள், பெண்ணுக்கும் வைப்பார்கள். அந்த மட்டில் அப்பா தன்னை அறியாமல் ஓர் உதவி செய்துவிட்டார். பெண்ணாக வளர்த்தார்கள். பெண்கள் கல்லூரியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். நான் ஆண் என்பது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே எனக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்வதற்கு அப்பாவும் அம்மாவும் இறந்துபோக வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் சில வருடங்கள் வேண்டியிருந்தன.

பொங்கல் கழிந்து ஆண் ஹார்மோன் முதல் ஊசி. "இருபது வயசுப் பையனுக்கு ஆறு மாசத்துல வர்றது உங்களுக்கு ரெண்டு மூணு வருஷம் ஆகலாம். சிலது வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இந்த வயதில் ரத்தம் கெட்டிப்படும் அபாயம் இருப்பதால் மருந்தையும் குறைத்துத்தான் தருகிறார். பொறுமையாக இருக்கச் சொன்னார். இத்தனை காலம் வேறென்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்க நினைத்தேன். "சரிங்க டாக்டர்" என்றேன். 

நான் மாடியில், கீழ்வீட்டில் தங்கை மேபல். கணவர் இறந்த பிறகு இங்கேயே இருக்கிறாள். சபையில் பெண்கள் சங்கச் செயலாளர். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஹார்மோனியம் வாசிப்பாள். பிப்ரவரியில் அவளிடம் விஷயத்தைச் சொன்னேன். கையில் இருந்த முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே கேட்டாள். "சாகப்போற வயசுல ஆம்பளையா மாறி என்னத்தச் சாதிக்கப் போற?" பதிலை இன்னும் யோசிக்கிறேன்.

ஒரு விதி செய்துகொண்டிருக்கிறேன். எங்கள் சபைக் கோயிலில் தென்புறம் ஆண்கள், வடபுறம் பெண்கள். கதவுகளே தனித்தனி. யாரும் கேள்வி கேட்க முடியாத அளவுக்குத் தாடி வந்த பிறகுதான் நான் தென்கதவு வழியாக நுழைவேன். அதுவரை சேலை, வடபுறம், பாடகர் குழுவில் பெண்களின் தாழ்ந்த குரலான ஆல்டோ.

ஞாயிறுதோறும் ஆராதனைக்கு முன் கிழக்கு ஜன்னலில் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே இடம், ஒரே வெளிச்சம். இல்லாவிட்டால் ஒப்பிட முடியாது.

ஜூன் 11, ஞாயிறு

மூன்று முடி.

ஜூன் 18, ஞாயிறு

மூன்று. மேபல் மாடிக்கு வந்தபோது கண்ணாடியும் கையுமாக இருந்தேன். கிட்டே வந்து பார்த்தாள்.

"இதுக்கா மதுரைக்கும் வீட்டுக்குமா அலையுத? நம்ம அம்மைக்கும் இருந்துச்சு நாலு முடி. ஊசி போடாமலே."

அவள் சொன்னது உண்மை. அம்மாவுக்கு நான்குதான்.

ஜூன் 21, புதன்

மதுரையில் ஊசி. சட்டையும் பேன்ட்டும் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். மேபல் ஜன்னலைச் சாத்தினாள்.

டாக்டர் முன்நெற்றியைப் பார்த்து, முடி பின்வாங்கத் தொடங்கியிருக்கிறது என்றார். தாடி வருவதற்குள் வழுக்கை வருகிறது. எந்த வரிசையில் வர வேண்டும் என்று நாம் சொல்ல முடியாதாம்.

திரும்பும்போது பஸ்ஸில் நெரிசல். வாசல் பக்கம் நின்றேன். கண்டக்டர் கத்தினார்: "யோவ் பெரிசு! படியில நிக்காதய்யா! செத்துத் தொலைஞ்சா எவன் பதில் சொல்லுறது?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டு உள்ளே நகர்ந்தேன். என் ஆயுளில் என்னை யாரும் 'யோவ்' என்றதில்லை. சாத்தூர் தாண்டும்வரை அதையே மனதில் சொல்லிக்கொண்டு வந்தேன். இறங்கும்போது கண்டக்டருக்கு நன்றி சொன்னேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து முறைத்தார்.

ஜூலை 9, ஞாயிறு

குரல் உடைந்தது.

இரண்டு வாரமாகவே காலையில் கரகரப்பு இருந்தது, பகலில் போய்விடும். ஆய்வகத்தில் கரைசலைத் துளித்துளியாக விட்டு டைட்ரேஷன் செய்யும்போது ஒரு துளியில் நிறம் வரும், குடுவையை ஆட்டினால் மறைந்துவிடும். மாணவிகள் அவசரப்பட்டு அடுத்த துளியை விட்டுக் கெடுப்பார்கள். நிறம் நிலைக்கும்வரை ஆட்டுங்கள், காத்திருங்கள் என்று வருடாவருடம் சொல்லியிருக்கிறேன். சொல்வது சுலபம்.

இன்று கீர்த்தனையின் இரண்டாம் சரணத்தில் மேலே ஏறும் இடத்தில் சத்தம் வரவில்லை. வந்தபோது எங்கிருந்தோ வந்தது. எருமை கனைத்ததுபோல் இருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

ஆராதனை முடிந்ததும் பாட்டுத் தலைவர் ஆசீர் வந்தார். "என்ன டீச்சர், ஆல்டோவுல ஆம்பளக் குரல் கேக்கு?"

நான் வாயைத் திறந்தேன். மேபல் என் முன்னால் வந்து நின்றாள்.

"தொண்டையில கட்டி அண்ணன். டெஸ்ட்டு எடுத்திருக்கு. நாங்க யார்ட்டயும் சொல்லல."

ஆசீர் என்னைப் பார்த்தார். நான் இருமினேன்.

இதை எழுதிவைக்க வேண்டும். நான் பொய் சொல்லவில்லை. இருமினேன்.

ஜூலை 16, ஞாயிறு

பொது ஜெபத்தில் போதகர் வாசித்தார்: "தொண்டை வியாதியால் துன்பப்படும் எங்கள் சகோதரி ஞானதீபம் அம்மாளுக்காக. அவர்களுடைய பழைய குரலை அவர்களுக்குத் திரும்பத் தந்தருளும்."

சபை முழுவதும் "ஆமென்" என்றது. என் வாயும் அசைந்தது, பழக்கத்தில்.

வீட்டுக்கு வந்ததும் மேபலிடம் சொன்னேன். "நிறுத்தச் சொல்லு."

"நிறுத்தி? என்னன்னு சொல்லட்டும்? எங்க அக்கா மீசை வளக்கான்னா?"

"எதுவும் சொல்லாண்டாம்."

"சும்மா கெட. வியாதின்னதும் எவளாவது ஒரு வார்த்த தப்பாப் பேசுதாளா? நான் பொய் சொன்னது எனக்காவா?"

பின்னே யாருக்காக என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

ஜூலை 22, சனி

ஒரு வாரத்தில் வந்து சேர்ந்தவை: பனங்கற்கண்டு, சித்தரத்தை, கற்பூரவள்ளிக் கஷாயம் ஒரு பாட்டில், யாரோ இலங்கையிலிருந்து கொண்டுவந்த தைலம். இருபது வருடமாக என்னிடம் முகம் கொடுக்காதவர்கள்கூட வருகிறார்கள். 'பாவம் டீச்சர்' என்கிறார்கள். கல்யாணம் ஆகாதவள், கர்வக்காரி என்றவர்கள்தான்.

கஷாயம் குடித்தேன். வீணாக்கக் கூடாது. ஆனால் குடித்த பிறகு பயம் வந்தது. இத்தனை பேர் ஜெபிக்கிறார்கள். அந்த ஜெபம் கேட்கப்பட்டுவிட்டால்?

படித்தவன் எழுதுகிற வாக்கியமில்லை இது. அடிக்காமல் விடுகிறேன்.

ஜூலை 30, ஞாயிறு

பாடகர் குழுவிலிருந்து 'ஓய்வு'. வடபுறம் ஐந்தாம் வரிசையில், சபையைச் சேர்ந்த தங்கபாய் பக்கத்தில் இடம்.

மாலையில் மாடியில் மெதுவாகப் பாடிப் பார்த்தேன். பழைய இடத்துக்குக் குரல் ஏறவில்லை. கீழே போனால் படிக்கட்டு தெரியவில்லை, இருட்டில் கால் வைப்பதுபோல. ஆல்டோ போய்விட்டது, ஆண்களின் பேஸ் வந்தபாடில்லை. கீழே மேபல் ஹார்மோனியம் வாசித்துக்கொண்டிருந்தவள் நான் பாடத் தொடங்கியதும் நிறுத்திவிட்டாள்.

மருந்தில் பாடுவதற்கென்று ஒன்றும் இல்லை. அதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

ஆகஸ்ட் 11, வெள்ளி

பெண்கள் சங்கம் வீட்டுக்கு வந்து ஜெபித்தது. கீழ்வீட்டில் என்னை நாற்காலியில் உட்காரவைத்து சுற்றி நின்றார்கள். மேபல் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். வழியெல்லாம் எண்ணெய் சிந்தினாள். சர்க்கரை இறங்கியிருக்கும், சோதித்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பொருளாளர் மனைவி ரூபவதிதான் தொண்டையில் கை வைத்தாள். நீண்ட ஜெபம். வியாதியில் தொடங்கி, உள்ளே குடியிருக்கிற அசுத்தமான காரியங்கள் எல்லாம் வெளியேற வேண்டும் என்று போனது. சொல்லச் சொல்ல விரல்களை அழுத்தினாள். எனக்கு நிஜமாகவே இருமல் வந்தது.

பிறகு எண்ணெய் பூசுவதற்காகக் கையைத் தாடைக்கு அடியில் கொண்டுபோனாள்.

விரல் நின்றது.

பின்னோக்கி ஒருமுறை தடவினாள். சொரசொரவென்று எனக்கே கேட்டது. கண்ணாடியில் முகத்தை நேரே பார்த்துப் பார்த்து, தாடைக்கு அடியில் பார்க்க வேண்டும் என்று இத்தனை மாதமும் எனக்குத் தோன்றவில்லை.

"என்ன டீச்சர் இது," என்றாள், ஜெபக்குரலிலிருந்து இறங்கி. "எங்க வீட்டு அவிய ரெண்டு நாளு சவரம் பண்ணாத மாதிரில்லா இருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. மேபல் "காப்பி ஆறிட்டு" என்று சொல்லி எல்லோரையும் மேஜைக்கு அழைத்தாள்.

மாடிக்கு வந்து அதே இடத்தில் நான் தடவினேன். இருக்கிறது. ரூபவதியின் விரல் பொய் சொல்லாது. அவளுக்கு என்மேல் எந்தப் பிரியமும் இல்லை. மாடிக் கதவைத் தாழிட்டேன். பயம்தான். பயம் மட்டும்தான் என்று எழுதினால் கணக்கு உதைக்கும்.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

தங்கபாய் என் பக்கத்தில் உட்காரவில்லை. அந்த வரிசையில் இருந்தவர்களும் ஆளுக்கொரு காரணத்துக்கு எழுந்துபோனார்கள். ஐந்தாம் வரிசை முழுவதும் எனக்கு.

ஜெபம் மட்டும் நிற்கவில்லை.

செப்டம்பர் 3, ஞாயிறு

வெளியே செருப்பு மாட்டும்போது முதுகுக்குப் பின்னால் பேச்சு.

"கட்டி இல்லயாம்ட்டி. மருந்து குடிக்காளாம், ஆம்பளையாவ."

"இந்தக் கெழட்டு வயசுலயா? வாழ வேண்டிய காலத்துல என்ன பண்ணுனா?"

"பாடம் நடத்துனா."

இரண்டாமவள் என் பழைய மாணவி. ஆய்வகத்து உப்புச் சோதனையில் சுமாராகச் செய்வாள்.

செப்டம்பர் 20, புதன்

போதகர் வந்தார். நல்லவர், சின்ன வயது. மாடிக்கு ஏறிவந்து, சட்டையில் இருந்த என்னைப் பார்த்ததும் பார்வையை மாற்றிச் சுவர்க் காலண்டரில் வைத்தார். கடைசிவரை காலண்டரிடம்தான் பேசினார்.

"கமிட்டியில பேச்சு வந்துட்டும்மா. சிலபேரு ரொம்பக் கோவமா இருக்காங்க. நீங்க கோயிலுக்கு வரவே கூடாதுங்காங்க. நான்தான் சமாதானம் பண்ணி வச்சிருக்கேன்."

"என்னன்னு ஐயா?"

"வியாதின்னே இருக்கட்டும். தொண்டை வியாதி. நாங்க ஜெபிச்சிட்டு இருக்கோம். வியாதின்னா சபை தாங்கும்மா. வேற எதுன்னாலும் தாங்காது. நீங்க சேலையில வாங்க, வடபுறம் கடைசி வரிசையில இருங்க. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லாம நான் பாத்துக்கிடுதேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

"கர்த்தர் சித்தம்" என்றார்.

போகும்போது இன்னொன்றும் சொன்னார். நான் வேறு மாதிரி ஏதாவது பேசினால், சபை முன்னால் பொய் சொன்னவள் என்று மேபல் சங்கத்திலிருந்து விலக வேண்டியிருக்கும். அதையும் யோசியுங்கள் என்றார். நான் யோசிப்பேன் என்று அவருக்குத் தெரியும். அது ஒன்றுதான் எனக்கு வரும்.

அக்டோபர் 8, ஞாயிறு

கடைசி வரிசை. தூண் மறைக்கிறது. "பழைய குரலைத் திரும்பத் தந்தருளும்." வாயை இறுக மூடிக்கொண்டேன். ஆமென் சொல்லவில்லை. யாரும் கவனிக்கவில்லை.

அக்டோபர் 18, புதன்

மதுரை. ரத்தம் கொஞ்சம் கெட்டி. ஊசியின் இடைவெளியைக் கூட்டிவிட்டார். மாற்றம் இன்னும் மெதுவாகும் என்றார். முழுத் தாடி வருமா என்று கேட்டேன். பரம்பரையைப் பொறுத்தது, உங்கள் அப்பாவுக்கு எப்படி என்றார். அப்பாவுக்குத் தாடையில் மட்டும்தான், கன்னத்தில் கிடையாது. ஊரில் 'ஆட்டுத்தாடி வாத்தியார்' என்பார்கள்.

அப்படியானால் என் விதிப்படி நான் தென்கதவுக்குப் போகப்போவதே இல்லை. விதியை எழுதும்போது அது எனக்குத் தெரியாதா என்று பஸ்ஸில் யோசித்தேன்.

நவம்பர் 4, சனி

நாளை ஸ்தோத்திரப் பண்டிகை, சபை நன்றி செலுத்தும் நாள். மேபலிடம் சொல்லாமல் செய்யக் கூடாது என்று கீழே போனேன். பண்டிகைக்கு இடியாப்ப மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குத் தென்கதவு வழியாப் போறேன்."

சலிப்பது நிற்கவில்லை. "தாடி வந்துட்டோ?"

"இல்ல. வந்தவரைக்கும்தான்."

"என்னயச் சந்தியில நிறுத்தப் போற."

"நீ வேணும்னா எனக்குத் தெரியாதுன்னு சொல்லிரு."

அப்போதுதான் நிமிர்ந்தாள். முகமெல்லாம் மாவு. "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டுத் தெரியாதாம்! நல்லாப் படிச்ச நீ! போ, எம்மூஞ்சில முழிக்காத."

மேலே வந்து சட்டையை இஸ்திரி போட்டேன். காலரில் ஒரு சுருக்கம் போகவே இல்லை.

நவம்பர் 5, ஞாயிறு

நடந்தபடியே எழுதுகிறேன்.

வெள்ளைச் சட்டை, வேட்டி. தென்கதவில் ஆசீர் நின்றார். "டீச்சர், இது ஆம்பளைய வாசல்." "ஆமா" என்றேன். கையை நீட்டி மறித்தார். பின்னால் கூட்டம் சேர்ந்து நெருக்கியதால் கையை எடுக்க வேண்டியதாயிற்று. அதை என் தைரியமாக எண்ணக் கூடாது.

பாதி நிரம்பியிருந்த ஒரு பெஞ்சில் உட்கார்ந்தேன். அந்தப் பெஞ்சு காலியானது. ஒரு குரல், "பேண்டு வாத்தியத்துக்குச் சொல்லியிருக்கலாமே, மாப்பிள்ளை வந்திருக்காவ" என்றது. சிரிப்பு. பாட்டுப் புத்தகத்தை முழங்கால்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

வடபுறம் மேபல், சங்கத்து முன்வரிசையில். திரும்பவில்லை.

பொது ஜெபம். ராஜாங்கத்துக்காக, மழைக்காக, வியாதியஸ்தருக்காக. போதகர் நான் இருக்கும் பக்கம் பாராமல் வாசித்தார். "தொண்டை வியாதியால் துன்பப்படும் எங்கள் சகோதரி..."

நான் எழுந்தேன். பேச வேண்டும் என்று தயாரித்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது.

"ஐயா, என் தொண்டைக்கு இனிமேல் ஜெபிக்க வேண்டாம்."

கோயிலில் எதிரொலி அதிகம். என் குரலை நானே வெளியிலிருந்து முதல்முறையாகக் கேட்டேன். அப்பாவின் குரல்போல இருந்தது, கொஞ்சம் மெலிவாக.

"சுகமாயிட்டு" என்றேன்.

வேறொன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தேன்.

பிறகு "வெளிய போட்டும்" என்று ஒருவர், "பரிசுத்த ஸ்தலத்துல கூத்தா?" என்று ஒருவர். ரூபவதி எழுந்து நின்று, என்னை விட்டுவிட்டு, கையை நீட்டி மேபலைப் பார்த்துக் கேட்டாள். "செயலாளரம்மா, கட்டின்னு அழுதியளே, எங்க கட்டி? நாங்க உபவாசம்லா இருந்தோம்!"

மேபல் சேலைத் தலைப்பை முகத்தின்மேல் இழுத்துக்கொண்டாள். போதகர் அடுத்த பெயரை வாசித்தார்.

ஆராதனை முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நவம்பர் 7, செவ்வாய்

மேபல் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டாள். ஓய்வுநாள் பள்ளியிலிருந்தும். எனக்கு வேறு ஒருவர் வந்து சொன்னார். கீழ்வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது. படியில் நின்று "மேபல்" என்றேன். உள்ளே பாத்திரம் விழுந்தது, அல்லது போடப்பட்டது.

நான் செய்தது சரியா என்று தெரியவில்லை.

நவம்பர் 10, வெள்ளி

மாலையில் பார்த்தால் வெளிச்சுவரில் கரியால் பெரிதாக 'ஒன்பது' என்று எழுதியிருக்கிறது. கேட்டிலிருந்து மூலைவரை. காலையில் கழுவலாம் என்று வாளியை எடுத்து வைத்தேன்.

நவம்பர் 11, சனி

விடிந்து இறங்கினால் சுவரில் எழுத்து இல்லை. ஈரமாக இருந்தது. மழை பெய்த மாதிரித் தெரியவில்லை, தெரு காய்ந்துதான் கிடந்தது. வாளி இடம் மாறியிருந்தது. கொடியில் மேபலின் சேலை, ஓரமெல்லாம் கரி. அடுப்பு துடைத்திருப்பாள்.

நவம்பர் 12, ஞாயிறு

தென்கதவில் இன்று யாரும் மறிக்கவில்லை. யாரும் ஒதுங்கவும் இல்லை. தோளால் இடித்துக்கொண்டு போனார்கள். பெஞ்சு முழுவதும் எனக்கு. இப்படி ஒவ்வொரு வாரமும் இருக்கலாம். வருடங்கள்கூட. தாடியைப் போலவே இதற்கும் தேதி கிடையாது.

முதல் பாட்டுக்கு எல்லோரும் எழுந்தபோது வடகதவில் மேபல். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். முன்வரிசைக்குப் போகாமல் நடுவில் ஒரு பெஞ்சில் நின்றாள். அதிலிருந்தவர்கள் நகர்ந்துகொண்டார்கள். அந்தப் பெஞ்சில் அவள், இந்தப் பெஞ்சில் நான், இடையில் நடைபாதை.

ஜெபத்தில் என் பெயர் இல்லை.

பாடினேன். கீழே எங்கோ ஒரு படி தட்டுப்பட்டது. அடுத்ததற்குத் துழாவினேன்.

திரும்பும்போது அவள் எனக்கு முன்னால் நடந்தாள். தபாலாபீஸ் தாண்டி, திரும்பாமல் பேசினாள்.

"மூணாவது சரணத்துல சுதி எறங்கிட்டு."

"ரொம்பவா?"

"காது உள்ளவன் கோயில விட்டு ஓடிருப்பான்."

அக்கா என்று சொல்லவில்லை. வேறொன்றும் சொல்லவில்லை. என்னைக் கூப்பிடும் சொல் வர வேண்டிய இடத்தை வெறுமனே விட்டுவிட்டாள்.

மாலை மாடியில் மூன்றாவது சரணத்தைப் பாடிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி, இறங்குகிறது. மறுபடி பாடினேன். கீழே ஹார்மோனியம் திறக்கும் சத்தம். ஒரே ஒரு கட்டை. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாள். நான் அதற்கு மேலே போனேன், கீழே போனேன். துருத்தி கோபமாக இழுபட்டது. கட்டையை அவள் விடவில்லை. கடைசியில் குரல் அதன்மேல் போய் உட்கார்ந்தது. இரண்டும் ஒரே சத்தமாகக் கொஞ்ச நேரம் நின்றன.

பிறகு படாரென்று மூடியைச் சாத்தினாள்.

கண்ணாடி பார்க்க இன்று மறந்துபோயிற்று.